வாசலில் நிற்கும் வெற்றுக் கலசம்

சில ஆண்டுகளுக்கு முன் பணி மாறுதலில் கொல்கத்தாவுக்குச் சென்றபோது, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வாசற்படியின் இருபுறமும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு சிமெண்டுக் கலசங்கள் நின்றன. அகன்று விரிந்த வாய், கீழே குறுகிய இடை, சிறிய பாதம், அடிவயிற்றில் இரண்டு கைப்பிடிகள். உள்ளே செடியும் இல்லை, மண்ணும் இல்லை. மழை பெய்தால் நீர் தேங்கும். வெயில் அடித்தால் வற்றும். அவ்வளவுதான்.

ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கச் சென்றோம். 1767-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்தோட்டத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்களின் கல்லறைகள் பிரமிடுகளாகவும் ஊசித் தூண்களாகவும் மண்டபங்களாகவும் மரநிழலில் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் மேல் தாழிகள் வடிக்கப்பட்டுள்ளன. அம்மா அவற்றை நெடுநேரம் பார்த்தபடி நடந்தார். வீடு திரும்பியதும் வாசற்படியருகே நின்றுவிட்டார்.

“செத்தவங்க தலைமாட்டிலே இருந்ததுதானே இங்கேயும் இருக்கு? வீட்டுக்காரர்கிட்டே சொல்லி எடுத்துடச் சொல்லுப்பா” என்றார்.

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தது. ஆதிச்சநல்லூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் அவர். நம் வழக்கில் கலத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. நீர் நிரம்பி, மாவிலையும் தேங்காயும் ஏந்தி நிற்பது மங்கலக் கலசம். இறந்தவரைத் தாங்குவது ஈமத் தாழி. ஒன்றையும் தாங்காமல் வெறுமையாக வாசலில் நிற்கும் கலத்துக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

இன்று நம் நாட்டின் பல நகரங்களிலும் புதிய வீடுகளின் மதில் தூண்கள் மேலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயிலிலும், திருமண மண்டபங்களின் புல்வெளியிலும் இத்தகைய கலசங்கள் நிற்கின்றன. அவை எங்கிருந்து வந்தன, எதற்காக வந்தன என்று அறிந்துகொள்ள அம்மாவின் கேள்வியே என்னைத் தூண்டியது.

இரண்டு கோப்பைகள், இரண்டு வழிகள்

விளையாட்டை விரும்பும் வாசகர்கள் இக்கலசத்தின் இரண்டு வடிவங்களை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். முதலாவது, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ‘ஆஷஸ்’ கிரிக்கெட் தொடரின் சின்னமான சிறு தாழி. 1882-ஆம் ஆண்டு லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 ரன்களில் தோற்றபோது, ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டதாகவும், அதன் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்றும் ஒரு பத்திரிகை வேடிக்கையாக இரங்கற்குறிப்பு வெளியிட்டது. அடுத்து ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து அணியின் தலைவர் ஐவோ பிளைக்கு மெல்போர்ன் பெண்கள் சிலர் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுடுமண் தாழி ஒன்றைப் பரிசளித்தனர். இன்று அது லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில் உள்ளது. தாழி என்றால் சாம்பல் என்பது அந்த வேடிக்கையின் உட்பொருள்.

இரண்டாவது, ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் வெல்பவர் ஒவ்வோர் ஆண்டும் உயர்த்திக் காட்டும் நார்மன் புரூக்ஸ் கோப்பை. திராட்சைக் கொடிகள் முறுக்கிய கைப்பிடிகளுடன் அகன்று விரிந்த அந்தக் கோப்பை, ‘வார்விக் கலசம்’ என்னும் பழைய ரோமானியப் பளிங்குக் கலசத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதற்கும் சாம்பலுக்கும் எத்தொடர்பும் இல்லை. அது மதுவுக்கும் விருந்துக்கும் உரிய வடிவம்.

தோட்டத்தில் நிற்கும் கலசங்கள் இவ்விரு வழிகளிலும் வந்தவை. ஒரு வழி விருந்து மண்டபத்திலிருந்து புறப்பட்டது, மற்றொன்று இடுகாட்டிலிருந்து. பிற்காலத்தில் இரண்டும் கலந்துவிட்டன. ஆயினும் வடிவத்தைக் கூர்ந்து நோக்கினால், ஒரு கலசம் எவ்வழியைச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

விருந்திலிருந்து தோட்டத்துக்கு

பண்டைய கிரேக்கர்கள் திராட்சை மதுவைத் தனியே அருந்துவதில்லை. நீர் கலந்தே அருந்தினர். அவ்வாறு கலப்பதற்கென்று விருந்தின் நடுவில் வைக்கப்பட்ட பெரிய மண்கலத்துக்குக் ‘கிராட்டர்’ என்று பெயர். அள்ளுவதற்கு வசதியாக அதன் வாய் அகன்றிருக்கும். தூக்குவதற்கு வசதியாகக் கைப்பிடிகள் இருக்கும். இன்று நம் மதில்மேல் நிற்கும் சிமெண்டுக் கலசத்தின் விரிந்த வாய்க்குக் காரணம், என்றோ ஒருவர் அகப்பையை விட்டு மது அள்ளியதுதான்.

கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் ரோமானியச் செல்வர்கள் கிரேக்கக் கலைப் பொருள்களுக்குப் பெரும் விலை கொடுக்கத் தொடங்கினர். சொற்பொழிவாளரும் அரசியல்வாதியுமான சிசரோ, ஏதென்ஸில் வாழ்ந்த தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில், டஸ்குலம் என்னும் இடத்திலிருந்த தம் மாளிகைக்குச் சிலைகள் வாங்கி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். மெகாராவிலிருந்து வந்த சிலைகளுக்காக 20,400 செஸ்டர்ஸ் செலுத்திவிட்டதாக அவரே கணக்கும் எழுதியிருக்கிறார். இத்தகைய வாடிக்கையாளர்களுக்காக ஏதென்ஸின் பட்டறைகள் மண்ணில் செய்த கிராட்டரைப் பளிங்கில் ஆளுயரத்துக்குச் செதுக்கி ஏற்றுமதி செய்தன. பளிங்குக் கலசத்தில் எவரும் மது கலக்கவில்லை. தோட்டத்தில் நிறுத்தி அழகு பார்த்தனர். பயன்பாட்டுப் பாத்திரம் அலங்காரப் பொருளாக மாறியது இவ்விடத்தில்தான்.

இந்த வணிகத்துக்குக் கடலே சான்று தந்தது. 1907-ஆம் ஆண்டு துனீசியாவின் மாஹ்தியா கரையருகே, கி.மு. முதலாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. பளிங்குத் தூண்கள், சிலைகள், விளக்குத் தண்டுகள் ஆகியவற்றோடு பெரிய பளிங்குக் கலசங்களும் அதில் இருந்தன. வாங்கியவரின் தோட்டத்தை அடையாமலே கடலடியில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கிடந்த அந்தச் சரக்கு, இன்று துனிஸ் நகரின் பார்தோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரோமானியப் பேரரசு வீழ்ந்தபின் மறக்கப்பட்ட இக்கலசங்களை இத்தாலிய மறுமலர்ச்சிக் காலம் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது. அவற்றுள் இரண்டு பெரும் புகழ் பெற்றன. 1566-ஆம் ஆண்டு ரோமில், சல்லஸ்டின் தோட்டங்கள் இருந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது ‘போர்கேஸே கலசம்’. 1.72 மீட்டர் உயரமுள்ள அதன் உடலைச் சுற்றி மதுத் தெய்வம் டயோனைசஸின் கூட்டத்தார் ஆடிப்பாடிச் செல்கின்றனர். 1807-ஆம் ஆண்டு நெப்போலியன் தம் சகோதரியின் கணவரிடமிருந்து போர்கேஸே குடும்பத்துத் தொகுப்பை விலைக்கு வாங்கியபோது அது பாரிஸுக்குச் சென்றது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றொன்று ‘மெடிச்சி கலசம்’. 1598-ஆம் ஆண்டின் பொருட்பட்டியல் ஒன்றிலேயே ரோமின் மெடிச்சி மாளிகையில் அது இருந்ததற்குக் குறிப்பு உண்டு. தற்போது புளோரன்ஸின் உஃபீஸி காட்சியகத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணையாக நிறுத்தும் வழக்கம் ஐரோப்பியத் தோட்டங்களில் பரவியது. எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்ற சிமெண்டுக் கலசங்களும் மெடிச்சி கலசத்தின் வழிவந்த எளிய நகல்களே என்பதைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் உணர்ந்தேன்.

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் வெர்சாய் மாளிகைத் தோட்டத்தைக் கலசங்களால் நிரப்பினார். மாளிகையின் மேல்தளத் திடலில், போர் மண்டபத்துக்கு நேரே அந்துவான் குவாஸவோ செதுக்கிய ‘போர்க் கலசம்’ நிற்கிறது. அமைதி மண்டபத்துக்கு நேரே ஜான் பாப்டிஸ்ட் துயூபி செதுக்கிய ‘அமைதிக் கலசம்’ நிற்கிறது. மன்னரின் வெற்றிகள் அவற்றின் வயிற்றைச் சுற்றிப் புடைப்புச் சிற்பமாக உள்ளன. மதுப் பாத்திரம் அரசியல் அறிவிப்புப் பலகையாகவும் மாறிய கதை இது.

டென்னிஸ் கோப்பைக்கு மூலமான வார்விக் கலசம் சற்றுப் பின்னர் வெளிப்பட்டது. ரோமுக்கு அருகே திவோலியில் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இருந்த இடத்தில், 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஹாமில்டன் சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது அதன் துண்டுகள் கிடைத்தன. நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் அவற்றை வாங்கி, குறைந்த பகுதிகளுக்குப் புதிய பளிங்கு சேர்த்து முழுமையாக்கினார். அவருடைய முந்தைய கிரேக்கக் கலத் தொகுப்பை 1772-இல் 8,400 பவுனுக்கு வாங்கிய பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இதை வாங்கவில்லை. கலசம் அவருடைய சகோதரி மகனான வார்விக் பிரபுவிடம் சென்றது. பிரபு அதற்கென்றே தம் கோட்டைத் தோட்டத்தில் கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட ஒரு மண்டபம் கட்டினார். 1970-களின் இறுதியில் அது விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவுக்குச் செல்லவிருந்தது. ஏற்றுமதி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டதால், கிளாஸ்கோ நகரின் பர்ரெல் தொகுப்பு அதை வாங்கித் தக்கவைத்துக்கொண்டது.

இடுகாட்டிலிருந்து தோட்டத்துக்கு

இனி, அம்மாவை வருத்திய மறு வழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் தாழியைக் குறிக்கும் ‘அர்ன்’ என்னும் சொல், ‘உர்னா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் வழக்கில் அது தண்ணீர்க் குடத்தையும் குறித்தது. ஏறத்தாழ 13 லிட்டர் கொள்ளும் ஓர் அளவையையும் குறித்தது. எரியூட்டியபின் எஞ்சிய சாம்பலை வைக்கும் கலத்தையும் குறித்தது. புறாக்கூடு போன்ற மாடங்கள் கொண்ட நினைவு மண்டபங்களில் அத்தாழிகள் வரிசையாக வைக்கப்பட்டன.

ஏதென்ஸில் அதற்கும் முன்பே, கி.மு. எட்டாம் நூற்றாண்டில், ஆளுயர மண்கலங்களைக் கல்லறைமேல் அடையாளமாக நிறுத்தினர். அவற்றுள் சிலவற்றின் அடியில் துளை உண்டு. மேலே ஊற்றும் படையல் துளைவழியே கீழே துயில்பவருக்குச் சேரும் என்பது நம்பிக்கை. பின்னர் பளிங்குக் கலங்கள் வந்தன; செல்வர்கள் போட்டியிட்டுச் செலவழித்தனர். கி.மு. 317 முதல் ஏதென்ஸை ஆண்ட டெமெட்ரியஸ், ஆடம்பரக் கல்லறைச் சின்னங்களுக்குச் சட்டத்தால் தடைவிதிக்கும் அளவுக்கு அந்தப் போட்டி வளர்ந்திருந்தது.

கிறித்தவம் பரவியபின் ஐரோப்பாவில் எரியூட்டும் வழக்கம் மறைந்து, புதைக்கும் வழக்கம் நிலைத்தது. ஆனால் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பண்டைய ரோமின் மீது எழுந்த மோகத்தால் தாழியின் வடிவம் மட்டும் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் முதல் நவீன எரியூட்டல் நடந்தது 1885-ஆம் ஆண்டில்தான். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த கொல்கத்தாக் கல்லறைகளின் தாழிகளில் சாம்பல் இருக்க வழியே இல்லை. உடல்கள் மண்ணுக்குள் உள்ளன. தாழி அங்கே வெறும் குறியீடு. அதன்மேல் கல்லில் வடித்த துணி போர்த்தியிருந்தால், வாழ்வுக்கும் மரணத்துக்கும் இடையிலான திரையை அது உணர்த்தும்.

கடனில் முடிந்த நினைவுத் தோட்டம்

இந்தக் குறியீட்டுத் தாழியை இடுகாட்டு மதிலுக்கு வெளியே கொண்டுவந்தவர்கள் ஆங்கிலத் தோட்டக்காரர்கள். அவர்களுள் ஒருவருடைய கதையை வங்கிப் பணியாளன் என்ற முறையில் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வில்லியம் ஷென்ஸ்டன் 1714-இல் பிறந்த கவிஞர். ஹேல்ஸோவன் என்னும் ஊரருகே ‘லீஸோஸ்’ என்ற பண்ணை அவருக்கு மரபுரிமையாகக் கிடைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பவுன் வருவாய். அடக்கமாக வாழப் போதுமான தொகை. அவர் 1740-களில் பண்ணையைத் தோட்டமாக மாற்றத் தொடங்கினார். ஆடுமாடுகள் மேயும் வெளியைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு நடைபாதை, அருவிகள், மரத்தோப்புகள், இருக்கைகள் ஆகியவற்றை அமைத்தார். இடையிடையே தாழிகளை நிறுத்தினார். அத்தாழிகள் அலங்காரத்துக்காக மட்டும் நிற்கவில்லை. ஒன்று, கவிஞரும் நண்பருமான வில்லியம் சோமர்வில்லின் நினைவுக்கு. மற்றொன்று, பெரியம்மை கண்டு இருபத்தோரு வயதளவில் இறந்த உறவுப் பெண் மரியா டோல்மனின் நினைவுக்கு. நடைபாதையில் உலவிவரும் ஒருவர் ஒரு திருப்பத்தில் திடீரென்று அத்தாழியை எதிர்கொண்டு, நின்று, அதில் பொறித்த வரிகளைப் படித்துவிட்டு மெதுவாக நடப்பார். இன்பமாக உலவும் இடத்தில் இறந்தவரையும் உடன் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

தாழியை எவ்வாறு வைக்க வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு நெறி சொன்னார். பெரிதாகவும் வேலைப்பாடின்றியும் இருந்தால் தாழிக்கு வீறும் அமைதியும் மிகும். சிறிதாகவும் வேலைப்பாட்டுடனும் இருந்தால் அழகு மிகும். நிற்கும் இடமும் அந்த உணர்வுக்குத் துணை செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான வழிகாட்டுதலைக் காண்பது அரிது.

ஆனால், வரவு 300 பவுனாகவே நின்றது. தோட்டத்தைக் காண இங்கிலாந்தின் பல பகுதிகளிலிருந்தும் பெருமக்கள் வந்தனர். அவர்களால் புகழ் வந்ததேயன்றிப் பணம் வரவில்லை. ஷென்ஸ்டனின் வாழ்க்கையை எழுதிய டாக்டர் சாமுவேல் ஜான்சன், தோட்டச் செலவு அவரைக் கடன்காரர்களின் தொல்லைக்கு ஆளாக்கியதையும், அக்கவலை அவருடைய இறுதிக் காலத்தை வாட்டியதையும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். 1763-இல் ஷென்ஸ்டன் இறந்தார். அண்டையிலிருந்த ஹேக்லி தோட்டத்தின் உரிமையாளர் லிட்டில்டன் பிரபு, அவர் நினைவாகவும் ஒரு தாழி நிறுத்தினார். நண்பர்களுக்குத் தாழி எழுப்பியே பொருளை இழந்தவர், கடைசியில் தாமும் ஒரு தாழியாக நின்றார்.

அன்புக்குரியவர்களின் நினைவைப் போற்றுவது உயர்ந்த செயல். அதை யாரும் கணக்குப் பார்க்கச் சொல்லமாட்டார்கள். ஆயினும், வரவை அறியாத செலவு, போற்றுகின்றவரையே விழுங்கிவிடும். ஷென்ஸ்டனுக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரு தாழியன்று. ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்று எல்லை வகுத்த ஒரு பேரேடு.

ஒரு பெண்மணியின் தொழிற்சாலை

பளிங்கில் செதுக்கிய கலசத்தை மன்னரும் பிரபுக்களும் மட்டுமே வாங்க முடிந்தது. மேலும், உறைபனி கடுமையான இங்கிலாந்தில் பளிங்கு விரைவில் பொலிவிழக்கும். ஈயத்தில் வார்த்த கலசங்களும் இருந்தன. டெர்பிஷயரின் மெல்போர்ன் ஹால் தோட்டத்தில் 1705-இல் ஜான் வான் நோஸ்ட் செய்த ‘நான்கு பருவங்கள்’ கலசம் அதற்குச் சிறந்த சான்று. ஆனால், பெரிய ஈயக் கலசம் காலப்போக்கில் தன் எடையாலேயே தொய்ந்துவிடும் இயல்புடையது.

இந்தக் குறையைத் தீர்த்தவர் எலினார் கோட். 1769-ஆம் ஆண்டு லண்டன் லாம்பெத் பகுதியில் நொடித்துக்கொண்டிருந்த ஒரு செயற்கைக் கல் தொழிற்சாலையை அவர் வாங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தம் பெயரிலேயே அரை நூற்றாண்டு காலம் அத்தொழிலை நடத்தினார். ‘கோட் கல்’ எனப்பட்ட அவருடைய பொருள், உண்மையில் கல் அன்று. உயர் வெப்பத்தில் சுட்ட களிமண். களிமண்ணோடு, ஏற்கெனவே சுட்டுப் பொடித்த மண், தீக்கல் பொடி, நுண்மணல், கண்ணாடித்தூள் ஆகியவற்றைக் கலந்து அச்சில் அழுத்தி, நான்கு நாள்கள் சூளையில் ஒரே சீராகச் சுட்டனர். ஏற்கெனவே சுட்ட மண் கலந்திருந்ததால் சுருக்கம் குறைவு. கண்ணாடித்தூள் உருகி இறுகியதால் நீர் உட்புகாது. இருநூறு ஆண்டுகளின் மழையையும் பனியையும் தாங்கி, கூரிய விளிம்புகளோடு இன்றும் நிற்கும் கோட் கல் சிற்பங்கள் பல. லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தருகே நிற்கும் சிங்கம் அவற்றுள் ஒன்று.

ஒருமுறை செய்த அச்சைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் விலை குறைந்தது. 1784-இல் அவர் வெளியிட்ட விலைப்பட்டியலில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. தாழிகளும் கலசங்களும் அவற்றுள் அடக்கம். பிரபுவின் தோட்டத்தில் மட்டும் நின்ற கலசம், பட்டியலைப் பார்த்து எழுதி வரவழைக்கக்கூடிய பொருளாயிற்று. 1821-இல் மறைந்த எலினார் கோட், தம் உயிலில் பெண்கள் பலருக்குப் பணம் எழுதி வைத்தார். மணமான பெண்களுக்கு எழுதியவற்றில் கணவர் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்த்தார். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமையை இங்கிலாந்தின் சட்டம் முழுமையாக வழங்கியது 1882-இல்தான் என்பதை நினைத்தால், அந்த நிபந்தனையின் தொலைநோக்கு விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு வந்தது. இங்கிலாந்தின் கோல்புரூக்டேல், பிரான்சின் வால் தோன் முதலிய வார்ப்பாலைகள் மெடிச்சி வடிவக் கலசங்களை ஏராளமாக வார்த்து, பல நாடுகளின் பூங்காக்களுக்கு அனுப்பின. தென் பிரான்சின் அந்தூஸ் ஊரிலோ, மெடிச்சி கலசத்தைப் பார்த்து ஒரு குயவர் உருவாக்கியது என்று மரபாகக் கூறப்படும் பளபளப்புப் பூச்சுள்ள மண் கலசங்கள், ஆரஞ்சு மரங்களை வளர்க்கும் தொட்டிகளாகப் பயன்பட்டன. இன்றும் அங்கே செய்யப்படுகின்றன. அதற்குப் பின் வந்ததே சிமெண்டு. ஏதென்ஸின் பட்டறையிலிருந்து நம் ஊர்ப் புறவழிச்சாலை ஓரத்துச் சிமெண்டுத் தொட்டிக் கடைவரை அந்த வடிவம் வந்து சேர்ந்த பாதை இதுவே.

நம் வீட்டில் வைப்பதாயின்

கலசம் வாங்க விரும்பும் வாசகர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் பயன்படும்.

முதலில் வடிவம். மூடியோடு கூடியது, துணி போர்த்தியது போல் வடிக்கப்பட்டது, வாய் குறுகியது ஆகியவை தாழி வழியைச் சேர்ந்தவை. அவை செடி வைப்பதற்கு உரியவை அல்ல. தூண் உச்சியிலோ, தனித்த ஒரு மூலையிலோ பார்வைக்காக நிற்பவை. வாய் அகன்று விரிந்தவை விருந்து வழியைச் சேர்ந்தவை. செடி வளர்க்க அவையே ஏற்றவை. உள்ளே விரிந்து வாய் குறுகிய கலத்தில் செடி வைத்தால், வேர்கள் நிறைந்தபின் கலத்தை உடைக்காமல் செடியை எடுக்க இயலாது.

இரண்டாவது இடம். கலசம் கண்ணை நிறுத்தும் பொருள். நடைபாதை முடியும் இடம், படிகளின் இருபுறம், வட்டப் பாத்தியின் நடு ஆகியவை அதற்கு உரியவை. சிறிய தோட்டத்தில் ஒன்று போதும், வாசலாயின் ஓரிணை. நாலைந்தை வரிசையாக நிறுத்தினால் கடைவாசல் போலாகிவிடும். வெறும் தரையில் வைக்காமல் ஒரு பீடத்தின்மேல் வைத்தால் அதன் இடை வளைவு தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது எடை. மொட்டைமாடியில் வைப்போர் இதை மறவாதிருக்க வேண்டும். நடமாட்டத்துக்குரிய மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் பயன்பாட்டுச் சுமை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. அறுபது லிட்டர் ஈரமண்ணே ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். சிமெண்டுக் கலசத்தின் எடையும் பீடத்தின் எடையும் தனி. ஆகவே மாடியில் கண்ணாடியிழைக் கலசமும் தென்னைநார்க் கழிவு கலந்த இலேசான மண்கலவையும் நல்லது. சிமெண்டுக் கலசமே வேண்டுமாயின், பொறியாளரைக் கேட்டு, கீழே சுவரோ உத்தரமோ உள்ள இடத்தில் வைக்கலாம்.

நான்காவது நீர். அடியில் துளை இல்லாத கலசத்தில் செடி அழுகும். வெறுமையாக விட்டால் மழைநீர் தேங்கும். டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நன்னீரில் ஏழெட்டு நாள்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். துளையிட்டு, அடியில் ஓட்டுச் சில்லும் சரளையும் பரப்பி, அதன்மேல் மண் இட வேண்டும். கலசத்தின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, அதில் செடி வைத்தால், வேர் கலசத்தைப் பிளக்காது. செடியை மாற்றுவதும் எளிது.

கடலோர ஊர்களில் வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும். சுடுமண் கலசம் நீரை உறிஞ்சி ஆவியாக்குவதால் செடியின் வேருக்குக் குளிர்ச்சி. ஆனால் கோடையில் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். நம் வெயிலுக்கு மருள், கற்றாழை, பத்துமணிப் பூ, பாலைவன ரோஜா ஆகியவை கலசத்துக்கு ஏற்றவை. உயர்ந்து நிற்கும் ஒரு செடியும், விளிம்பிலிருந்து வழியும் ஒரு செடியும் இருந்தால் போதும்.

அம்மாவின் தீர்ப்பு

படித்தவற்றையெல்லாம் ஒருநாள் மாலை அம்மாவிடம் சொன்னேன். கல்லறையில் இருந்தவை வேறு குடும்பம், நம் வாசலில் இருப்பவை வேறு குடும்பம் என்றேன். இவை சாம்பல் வைத்தவற்றின் வழி அல்ல. விருந்தில் மது கலந்தவற்றின் வழி என்றேன்.

“அப்போ கள்ளுக் கலயமா? அது இன்னும் நல்லாயிருக்கு!” என்று சிரித்தார்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். ஷென்ஸ்டன் தம் உறவுப் பெண்ணுக்காக நிறுத்திய தாழியைப் பற்றி மறுபடியும் கேட்டார். “தோட்டத்திலே நடக்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணை நினைச்சுக்குவாராமா?” என்றார். என் தந்தை காலமாகி அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை.

மறுவாரம் வீட்டு உரிமையாளரின் அனுமதி பெற்று இரு கலசங்களிலும் துளையிட்டோம். அம்மாவே மண் கலந்து பத்துமணிப் பூச்செடிகளை வைத்தார். ஊரில் அப்பா கிணற்றடியில் வளர்த்த பூ அது. அவர் ஊருக்குத் திரும்பும்வரை ஒவ்வொரு காலையும் பூக்கள் விரியும் நேரத்தில் ஒரு செம்பு நீருடன் வாசற்படிக்குச் சென்றுவிடுவார். கலசங்களை எடுக்கச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு அதன்பின் எழவே இல்லை.